ஓசியானிய மரச் சடங்கு உருவங்கள்: பார்த்தறியும் முறை

பசிபிக் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளையும் நியூகினியாப் பெருந்தீவையும் சேர்த்து ஓசியானியா என்று குறிப்பிடுவது வழக்கம். நியூகினியாவிலிருந்து சாலமன் தீவுகள், வனுவாட்டு வழியாக ஃபிஜி வரை நீளும் பகுதி மெலனீசியா. ஹவாய், நியூசிலாந்து, ராப்பா நூய் எனப்படும் ஈஸ்டர் தீவு ஆகியவற்றை மூன்று முனைகளாகக் கொண்ட முக்கோணம் பாலினீசியா. பிலிப்பைன்சுக்குக் கிழக்கே சிறு தீவுகளாகப் பரந்திருப்பது மைக்ரோனீசியா. இம்மூன்று பகுதிகளிலும் மூதாதையர், தெய்வங்கள், வேட்டைக்கும் விளைச்சலுக்கும் துணைநிற்கும் ஆவிகள் ஆகியோர் வந்து தங்குவதற்கென மரத்தில் உருவங்கள் செதுக்கப்பட்டன. இந்த அத்தியாயம் அவற்றில் பழையனவற்றை எவ்வாறு பார்ப்பது, எவ்வாறு மதிப்பிடுவது, வைத்திருப்போர் எவ்வாறு காப்பது என்பவற்றைப் பற்றியது.

இத்தகைய ஓர் உருவத்தைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் அதன் வயதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அது தவறான தொடக்கம். ஈரமும் கறையானும் மிகுந்த நாடுகளில் மரம் நெடுங்காலம் நிற்பதில்லை. நின்றிருப்பினும் செதுக்கிய ஆண்டைச் சொல்லும் எழுத்தோ முத்திரையோ அதில் இருப்பதில்லை. இந்த உருவம் என்ன வேலைக்காகச் செய்யப்பட்டது, அந்த வேலையைச் செய்ததற்கான அடையாளம் அதன் மேல் எங்கே இருக்கிறது, அது தன் ஊரை விட்டு எப்போது, யார் கையால் வெளியேறியது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் வயது ஏறத்தாழத் தானே தெரிந்துவிடும். இவை மூன்றுக்கும் விடை இல்லாத பொருளைப் பழம்பொருள் என்று விற்பவரின் சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை.

வேலையைக் கண்டறிதல்

நியூகினியாவின் வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து வளைந்து ஓடும் செப்பிக் ஆற்றங்கரையிலிருந்து தொடங்குவது வசதி. ஏனெனில் உலகச் சந்தையில் உலவும் ஓசியானிய மர உருவங்களில் பெரும்பகுதி இந்த ஆற்றின் பெயரால்தான் விற்கப்படுகிறது. நடு செப்பிக்கில் வாழும் இயாட்முல் மக்கள், மேற்பகுதியில் மூதாதையின் முகமோ முழு உருவமோ செதுக்கி, கீழ்ப்பகுதியை நங்கூரம் போல் இருபுறமும் வளைத்த கொக்கிகளைச் செய்தனர். இவை கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும்; எலிக்கும் பூச்சிக்கும் எட்டாதபடி உணவுக் கூடைகளும் பின்னல் பைகளும் இவற்றில் மாட்டப்படும்; ஆடவர் கூடும் பெரிய சடங்கு வீட்டில் இருக்கும் கொக்கிகளுக்குப் படையலும் உண்டு. இந்தப் பயன்பாட்டை மனத்தில் கொண்டு தலைக்கு மேலுள்ள துளையைப் பார்க்க வேண்டும். உருவத்தின் எடை கீழ்நோக்கி இழுப்பதால் கயிறு துளையின் மேல் விளிம்பில்தான் அழுந்தும். ஆண்டுக்கணக்கில் தொங்கிய கொக்கியில் அந்த மேல் விளிம்பு மழுங்கி, சிறு பள்ளம் விழுந்து, மெருகேறியிருக்கும். கீழ் விளிம்பு துளையிட்ட நாளில் இருந்தது போலவே கூர்மையாக இருக்கும். துளையின் விளிம்பு முழுவதும் ஒரே அளவாக மழுங்கியிருந்தால் அதைச் செய்தது கயிறன்று, உப்புத்தாள். கொக்கியின் உட்புற வளைவுக்கும் இதே சோதனையைச் செய்யலாம்.

செப்பிக்கில் கலக்கும் யுவாட் ஆற்றின் கரையில் உள்ள பிவாட் மக்கள், முன்னர் முண்டுகுமோர் என்று நூல்களில் அறியப்பட்டவர்கள், புனிதமான மூங்கில் குழல்களின் மேல்வாயை அடைப்பதற்குப் பெரிய தலையும் சிறிய உடலும் கொண்ட உருவங்களைச் செதுக்கினர். தலைமயிர், கசோவரிப் பறவையின் இறகு, சோழி, சிப்பி ஆகியவற்றால் இவை அலங்கரிக்கப்படும். குழலுக்குள் செருகுவதற்கான முளை அடியில் இல்லையெனில், அல்லது முளை இருந்தும் மூங்கிலில் உராய்ந்த தடம் அதில் இல்லையெனில், முகம் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் ஐயப்பட வேண்டும். சாலமன் தீவுகளின் மேற்குப் பகுதியில் போர்ப்படகின் முனையில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கட்டப்பட்ட நுசுநுசு என்னும் கருநிறத் தலைகளுக்கும் இதே விதி பொருந்தும்: முத்துச்சிப்பி மின்னும் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள்; அறிந்தவர் திருப்பிப் பின்புறத்தில் படகோடு பிணைத்த துளைகளைப் பார்ப்பார். சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்பட்டவற்றில் பின்புறம் பெரும்பாலும் மேசையில் நிற்பதற்கேற்பத் தட்டையாகவே இருக்கும்.

செப்பிக்கின் தெற்குக் கிளையான கொரெவொரி ஆற்றுப் பகுதியின் யிப்வோன் உருவங்கள் பார்த்தவுடன் மறக்க முடியாதவை. பக்கவாட்டில் மட்டும் பார்ப்பதற்கென்று செதுக்கிய மெல்லிய உடல், மேலிருந்தும் கீழிருந்தும் வளைந்து நடுவை நோக்கும் கொக்கி வரிசை, ஒற்றைக் கால் என்பதே அவற்றின் அமைப்பு. ஆளுயரத்தை மிஞ்சியவை சடங்கு வீட்டின் பின்சுவரில் சாத்தி வைக்கப்பட்டன; விரல் நீளமே உள்ளவை வேட்டைக்காரரின் பையில் காவலாகச் சென்றன. வேட்டைக்கும் போருக்கும் முன்னால் இவற்றுக்கு இரத்தமும் மென்ற வெற்றிலைப் பாக்கும் பூசப்பட்டன. வெற்றிலைக்கறையை நன்கறிந்த தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு வசதி உண்டு: பல தலைமுறை பூசிய கறை பழுப்பேறிக் கருத்து, மரத்தின் குழிகளில் மேலோடாக இறுகியிருக்கும், அண்மையில் பூசியது சிவந்தே நிற்கும். இப்பகுதியில் குகைகளிலும் பாறை ஒதுக்குகளிலும் வைக்கப்பட்டிருந்த உருவங்கள் சில நூற்றாண்டுகளைக் கடந்தும் நின்றதற்கு மழைபடாத இடமும் வைரம் பாய்ந்த மரமுமே காரணம்.

அழியவென்றே செய்தவையும் அழியாமல் வைத்தவையும்

நல்ல நிலையில் இருப்பதே உயர்வு என்ற எண்ணம் இத்துறையில் பலரை ஏமாற்றியிருக்கிறது. பப்புவா நியூகினியாவைச் சேர்ந்த நியூ அயர்லாந்து தீவின் வடபகுதியில், இறந்தோருக்குச் செய்யும் நிறைவுச் சடங்குக்காக மலாங்கன் என்னும் உருவங்கள் செதுக்கப்படும். பாம்பு, மீன், பறவை, மனித உடல் ஆகியவை ஒன்றையொன்று கவ்வியும் விழுங்கியும் பின்னிக் கிடக்க, இடையிடையே காற்று நுழையும்படி துளைத்துச் செய்யும் அந்த வேலைப்பாட்டுக்கு மென்மையான மரம் தேவை. நம் ஊர் ஏழிலைப்பாலையின் பேரினத்தைச் சேர்ந்த மரமே பெரிதும் பயன்பட்டது. கண்களாக ஒரு வகைக் கடல் நத்தையின் பச்சை நிற வாய்மூடி பதிக்கப்படும். வடிவத்தைச் செதுக்கச் செய்யும் உரிமை குடும்பச் சொத்தாகக் கைமாறும். உருவமோ, சடங்கு முடிந்ததும் தன் வேலை முடிந்ததாகக் கருதப்பட்டு, அழுகும்படி விடப்பட்டது அல்லது எரிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, அழிப்பதற்குப் பதிலாக ஐரோப்பியருக்கு விற்பதும் அதே நோக்கத்தை நிறைவேற்றியது. ஊரைப் பொறுத்தவரை இரண்டிலும் உருவம் கண்ணை விட்டு அகன்றது. ஆகவே வண்ணம் மங்காமல், தேய்மானம் இல்லாமல், நேற்றுச் செய்தது போலிருக்கும் மலாங்கன் ஒன்று உண்மையான பழம்பொருளாக இருக்க முடியும். கைபட்டுத் தேய்ந்து எண்ணெய் மெருகேறிய மலாங்கன்தான் ஐயத்துக்குரியது.

அதே தீவின் நடுப்பகுதியில் மண்டாக் மொழி பேசுவோர் செய்த உலி உருவம் இதற்கு நேர்மாறு. தாடி, மார்பகம், ஆண்குறி ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்த, அகன்ற தோளுடைய இந்த உருவம் தலைவர்களின் ஆற்றலைக் குறிப்பது. கடினமான மரத்தில் செய்யப்பட்டது. சடங்குதோறும் வெளியே எடுத்து, புதிதாக வண்ணம் பூசி, மீண்டும் ஆடவர் வீட்டில் வைக்கப்பட்டது. எனவே உலியில் வண்ண அடுக்குகள் பல இருக்க வேண்டும். ஒரே தீவு, சில பத்துக் கிலோமீட்டர் இடைவெளி. ஒன்றில் நற்சான்றாவது மற்றொன்றில் குற்றச்சாட்டாகிறது. எல்லா ஓசியானிய உருவங்களுக்கும் பொருந்தும் பொது அளவுகோல் ஒன்றைத் தேடுவோர் இந்த எடுத்துக்காட்டோடு அந்த முயற்சியைக் கைவிடலாம்.

நியூகினியாவின் மாப்ரிக் பகுதியைச் சேர்ந்த அபெலாம் மக்களிடம் வண்ணத்தின் இடம் இன்னும் உயர்ந்தது. பெருவள்ளிக்கிழங்கின் விளைச்சலோடு இணைந்த அவர்களது வழிபாட்டில், ஆற்றல் மரத்தில் இருப்பதைவிடப் பூசும் வண்ணத்தில் இருப்பதாகவே கருதப்படுகிறது. ஒவ்வொரு சடங்குக்கும் பழைய உருவம் கழுவப்பட்டு மறுவண்ணம் பெறுகிறது. அபெலாம் உருவத்தின் மேல் புது வண்ணம் இருப்பதாலேயே அதைப் புதியது என்று ஒதுக்குபவர் தவறிழைக்கிறார். நியூகினியாவின் தென்மேற்கில், இன்று இந்தோனேசியாவுக்கு உட்பட்ட அஸ்மாட் பகுதியின் பிஸ் கம்பங்களோ மலாங்கன் வழியைப் பின்பற்றுபவை. ஒருவர்மேல் ஒருவராக மூதாதையர் நிற்கும் இந்தக் கம்பம், தலைகீழாக நிறுத்திய சதுப்புநில மரத்தில், ஒரு பலகைவேரை மட்டும் வெட்டாமல் விட்டு அதையே மேலே இறக்கை போல நீட்டிச் செதுக்கப்படுவது. சடங்குக்குப் பின் சவ்வரிசிப் பனந்தோப்பில் கிடத்தப்பட்டு, மட்கி, மரங்களுக்கு உரமூட்டியது. அந்த இறக்கை தனிப் பலகையாகச் செய்து ஒட்டப்பட்டிருந்தால் கம்பம் மரபுவழிப் பட்டதன்று.

வனுவாட்டின் அம்ப்ரிம், மலக்குலா தீவுகளில் ஆடவர் சமூகப் படிநிலையில் ஏறும்போது நாட்டப்படும் உருவங்கள் மரத்தில் செய்யப்பட்டவை என்றே பலர் எண்ணுகின்றனர். அவை மரப்பெரணியின் நார்த்தண்டில் செய்யப்பட்டவை. விரலால் தொட்டாலே வேறுபாடு புலப்படும்.

பாலினீசியா: எஞ்சியவை ஏன் இவ்வளவு குறைவு

மெலனீசியாவில் உருவங்கள் தொடர்ந்து செதுக்கப்பட்டதால் சந்தைக்கும் தொடர்ந்து வந்தன. பாலினீசியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே பழைய சமயம் கைவிடப்பட்டது. தாஹிட்டியின் அரசர் இரண்டாம் போமாரே 1816-இல் தன் குடும்பத் தெய்வங்களை லண்டன் மிஷனரி சங்கத்திடம் ஒப்படைத்தார். ஹவாயில் 1819-இல் அரசர் லிஹோலிஹோவே கப்பு எனப்படும் விலக்கு முறையை ஒழித்து, கோயில்களையும் உருவங்களையும் அழிக்க ஆணையிட்டார். அமெரிக்கப் பாதிரிமார் வந்திறங்கியது அதற்கு அடுத்த ஆண்டுதான். மாங்கரேவாவில் 1830-களில் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பணி தொடங்கியபின் பெரும்பாலானவை தீக்கிரையாயின. ஹவாய்ப் போர்த்தெய்வமான கூவின் பேருருவங்களில் உலகில் எஞ்சியவை மூன்றே: ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும், ஒன்று ஹோனலுலு பிஷப் மியூசியத்திலும், ஒன்று அமெரிக்காவின் சேலம் நகரிலும் உள்ளன. 2010-இல் மூன்றும் ஹோனலுலுவில் ஒரே அரங்கில் வைக்கப்பட்டன.

இப்பகுதியில் வெற்றிச் சின்னமாகப் பாதிரிமார் அனுப்பிவைத்தவையே பெரும்பாலும் பிழைத்தன என்பது வேடிக்கையான உண்மை. ஆஸ்ட்ரல் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ருருட்டுவின் ஆஆ என்னும் உருவம் 1821-இல் அவ்வாறு ஒப்படைக்கப்பட்டது. 117 சென்டிமீட்டர் உயரமுள்ள அதன் உடலில் கண், மூக்கு, வாய், மார்புக் காம்புகள் என ஒவ்வொன்றும் ஊர்ந்து ஏறும் சிறு மனித உருவங்களாகவே செதுக்கப்பட்டிருக்கின்றன. அவை மொத்தம் முப்பது. முதுகுப் பலகையைக் கழற்றினால் உள்ளே குடைந்த வெற்றிடம் உண்டு. நெடுங்காலம் வேறு மரமாகக் கருதப்பட்ட இது சந்தன மரம் என்று அண்மைய ஆய்வு காட்டியது. பிரிட்டிஷ் மியூசியத்துக்குச் செல்லும் வாய்ப்புள்ளவர் இதன் முன்னும் பின்னும் நிதானமாக நின்று பார்ப்பது நூறு படங்களைப் பார்ப்பதைவிடப் பயன் தரும். குக் தீவுகளைச் சேர்ந்த ரரோடோங்காவின் கோல் வடிவத் தெய்வ உருவங்களில் மரப்பட்டைத் துணிச் சுற்று கலையாமல் பிழைத்த பெரிய எடுத்துக்காட்டும் அங்கேயே இருக்கிறது. மற்றவற்றில் பெரும்பாலானவை துணி அவிழ்க்கப்பட்டு, மேல்முனை மட்டும் வெட்டி எடுக்கப்பட்ட நிலையிலேயே அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்தன. சுற்றிய துணியும் உருவத்தின் பகுதியே என்பதால், வெறும் மரமாகக் கிடைக்கும் ஒரு பாலினீசிய உருவத்தை முழுமையானது என்று கருதக் கூடாது.

ராப்பா நூயின் மொவாய் கவகவா எனப்படும், விலா எலும்புகள் துருத்திய மெலிந்த ஆண் உருவங்கள் தனி எச்சரிக்கைக்கு உரியவை. பழையவை தொரொமிரோ என்ற சிவந்த கடின மரத்தில் செய்யப்பட்டு, எலும்பு வளையத்தின் நடுவே எரிமலைக் கண்ணாடியைப் பதித்த கண்களைக் கொண்டவை. அந்த மரம் தன் இயற்கைச் சூழலில் இன்று அற்றுப்போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தீவு மக்கள் கப்பலில் வருவோருக்கு இவற்றைச் செதுக்கி விற்கத் தொடங்கியதால், நூறாண்டுப் பழமை மெய்யாகவே உள்ள, ஆனால் எந்தச் சடங்கையும் காணாத உருவங்கள் ஏராளம். மைக்ரோனீசியாவில் கரோலின் தீவுகளைச் சேர்ந்த நுக்குஓரோவின் உருவங்களைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: முகமே இல்லாத முட்டைத் தலையும் சரிந்த தோளும் கொண்ட, ஈரப்பலா மரத்தில் செய்த அவை மிகச் சிலவே எஞ்சியுள்ளன, ஏறக்குறைய எல்லாமே அறியப்பட்டவை, புதிதாக ஒன்று தெருக்கடையில் தோன்றுவதில்லை.

மரமே சொல்லும் சான்றுகள்

உலோகம் வருவதற்கு முன் உருவங்கள் கல் வாய்ச்சியால் வெட்டப்பட்டு, சிப்பி, சுறாப்பல், பன்றித் தந்தம், எலி வகையின் வெட்டுப்பல் ஆகியவற்றால் நுணுக்கம் பெற்றன. கல் வாய்ச்சி நாரைத் துண்டிப்பதைவிட நசுக்கியே பெயர்ப்பதால், அதன் தடம் ஆழமற்ற சிறு குழிகளாக, விளிம்பு மழுங்கியதாக இருக்கும். எஃகு உளியின் தடம் நீண்டு, சமதளமாக, கூரிய விளிம்போடு இருக்கும். சாய்ந்த ஒளியில், அதாவது விளக்கை உருவத்தின் பக்கத்தில் தாழ்வாக வைத்துப் பார்த்தால், இவ்வேறுபாடு தெளிவாகும். முகத்தைவிட, யாரும் மெருகேற்றாத அக்குள், கால்களின் இடைவெளி, அடித்தளம் ஆகிய இடங்களிலேயே கருவித்தடம் நன்கு எஞ்சியிருக்கும். எஃகுத் தடம் இருப்பதாலேயே உருவம் போலியாகிவிடாது. கடற்கரைப் பகுதிகளுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இரும்பு வந்துவிட்டது. நியூசிலாந்தின் மாவோரிச் சிற்பிகளின் பெரும்பணிகள் பல எஃகு உளியால் ஆனவை. கல்லால் செதுக்கியது என்று விற்பவர் சொல்ல, எஃகுத் தடம் கண்ணில் படும்போதுதான் அது பொய்யைக் காட்டிக்கொடுக்கிறது.

பூச்சித் துளைகளைப் பார்க்கும் விதம் இத்துறையில் மிகவும் பயனுள்ள பாடம் எனலாம். மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு உள்ளே நீளவாக்கில் சுரங்கம் அமைத்து உண்டு, வளர்ந்தபின் வண்டாக மேற்பரப்பைத் துளைத்து வெளியேறுகிறது. எனவே செதுக்கிய பின் பூச்சி தாக்கிய உருவத்தில் மேற்பரப்பில் காண்பவை வட்டத் துளைகள் மட்டுமே. சுரங்கங்கள் உள்ளே மறைந்திருக்கும். மேற்பரப்பில் சுரங்கம் நீளவாக்கில் பாதியாகப் பிளந்து, வாய்க்கால் போலத் திறந்து கிடந்தால், ஏற்கெனவே உளுத்துப்போன பழைய கட்டையை எடுத்துப் பின்னால் செதுக்கினார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் கடினம். துளைகள் யாவும் ஒரே விட்டத்தில், நேராக, ஒரே ஆழத்தில் இருந்தால் துளைப்பான் வேலை. வெடிப்புகளும் இப்படியே பேசும்: பழைய வெடிப்பின் உட்சுவரில் தூசியும் புகையும் படிந்து மேற்பரப்பின் நிறத்தை நெருங்கியிருக்கும், அண்மையில் வெயிலில் காயவைத்து உண்டாக்கிய வெடிப்பின் உள்ளே மரம் வெளிறித் தெரியும்.

நாள்பட்ட மேற்பதம், அதாவது கையெண்ணெய், அடுப்புப் புகை, வண்ணம், படையல் ஆகியவை சேர்ந்து மரத்தின்மேல் உருவாக்கும் படலம், பட்டினா என்று கலைச்சந்தையில் வழங்கப்படுகிறது. இதைப் போலியாகச் செய்யக் காலணி மெருகு, தேயிலைச் சாறு, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு ஆகியவை பயன்படுகின்றன. சேற்றில் புதைத்து எடுப்பதும் உண்டு. இவற்றுக்குப் பொதுவான குறை, எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பது. உண்மையான மேற்பதம் கைபட்ட இடத்தில் பளபளப்பாகவும், கைபடாத குழிகளில் கரடாகவும், சுவரில் சாய்ந்திருந்த முதுகில் வேறாகவும் இருக்கும். வண்ணங்களில் சுண்ணாம்பின் வெள்ளை, கரியின் கறுப்பு, காவி மண்ணின் சிவப்பு ஆகியவை மரபானவை. நீலத்தைக் கண்டதும் புதியது என்று தள்ள வேண்டாம். துணி வெளுக்கப் பயன்படுத்தும் நீலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வணிகர் வழியாக மெலனீசியாவுக்கு வந்து, சிற்பிகளால் விரும்பி ஏற்கப்பட்டது. மாறாக, டைட்டானியம் வெள்ளை 1920-களுக்கு முன் இல்லை என்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டினது எனப்படும் உருவத்தின் அடிப்பூச்சிலேயே அது இருப்பதாக ஆய்வகம் சொன்னால் பேச்சு முடிந்தது.

கதிரியக்கக் கார்பன் ஆய்வு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை மிகையானது. அம்முறை சொல்வது மரம் வளர்ந்த காலத்தையேயன்றிச் செதுக்கிய காலத்தை அன்று. வைரப் பகுதியில் எடுத்த மாதிரி வெளிறுப் பகுதியைவிட முந்திய காலத்தையே காட்டும். மேலும் ஏறத்தாழ 1650 முதல் 1950 வரையிலான காலத்துக்கு வளிமண்டலக் கார்பன் அளவு ஏறியிறங்கியதால், விடை ஒரே ஆண்டாக வராமல் பல மாற்றுக் காலங்களாக வரும். நம் உருவங்களில் பெரும்பாலானவை விழுவது இதே இடைவெளியில்தான். அணுகுண்டுச் சோதனைகளால் 1950-களின் நடுவிலிருந்து கார்பன்-14 அளவு உயர்ந்ததால், அதற்குப் பின் வளர்ந்த மரத்தை மட்டும் இம்முறை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிக்கொடுக்கும். போலியைப் பிடிக்க உதவும். பழமையை மெய்ப்பிக்கப் போதாது.

கைமாறிய வரலாறு

பொருள் ஊரிலிருந்து வெளியேறிய நாள்முதல் யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்ற தொடர்ச்சியே அதன் கைமாறிய வரலாறு. பழைய ஏலப் பட்டியல், அருங்காட்சியகம் விலக்கி விற்றதற்கான பதிவு, தேதியிட்ட நிழற்படம், மிஷனரியின் கடிதம் ஆகியவை இதற்குச் சான்றுகள். அடிப்புறத்தில் மையால் எழுதிய எண்களையும் ஒட்டிய சீட்டுகளையும் எக்காரணம் கொண்டும் துடைக்கக் கூடாது. லண்டன் வணிகர் டபிள்யூ. ஓ. ஓல்ட்மன் போன்றோர் தம் பொருள்களுக்கு எண்ணிட்டுப் பேரேடு வைத்தனர். அவர் தமக்கென வைத்திருந்த பாலினீசியத் தொகுப்பை நியூசிலாந்து அரசு 1948-இல் வாங்கியது. பாரிஸில் வாழ்ந்த ஜப்பானியர் கிச்சிசோ இனகாகி செய்த மரப்பீடங்கள், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உருவம் பாரிஸ் சந்தையில் இருந்ததற்கு அடையாளமாகக் கொள்ளப்படுகின்றன. ஆனால் பீடம் வேறு, அதன்மேல் நிற்பது வேறு. பழைய பீடத்தில் புதிய உருவத்தை ஏற்றுவது எளிது.

இந்த வரலாறு அறுந்திருந்தால் என்ன நேரும் என்பதற்கு 2017 நவம்பரில் பாரிஸில் நடந்த ஏலம் சான்று. ஹவாயின் கூ தெய்வம் எனப்பட்ட, அரை மீட்டர் உயரமுள்ள உருவம் ஒன்று அறுபது லட்சம் யூரோவுக்கும் மேல் விலைபோயிற்று. வாங்கிய அமெரிக்கத் தொழிலதிபர் மார்க் பெனியோஃப் அதை பிஷப் மியூசியத்துக்கே கொடையாக அளித்தார். அதன்பின் இத்துறை வல்லுநர் சிலர் அது அவ்வளவு பழமையானதுதானா என்று பகிரங்கமாகவே ஐயம் எழுப்பினர்; அவர்கள் சுட்டிய குறைகளுள் ஒன்று, இருபதாம் நூற்றாண்டுக்கு முந்திய தடம் எதுவும் அதற்கு இல்லை என்பது. அத்தனை பெரிய தொகையும் அத்தனை பெரிய பெயர்களும் இருந்தும் விடுபட்ட தாள்களுக்கு ஈடு செய்ய முடியவில்லை.

சட்டம் இதே தாள்களைத்தான் கேட்கிறது. பப்புவா நியூகினியாவில் 1965-ஆம் ஆண்டின் தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டமும், நியூசிலாந்தில் 1975-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட பொருள்கள் சட்டமும், ஆஸ்திரேலியாவில் 1986-ஆம் ஆண்டின் அசையும் பண்பாட்டு மரபுச் சட்டமும் அனுமதியின்றிப் பழம்பொருளை வெளியே கொண்டுபோவதைத் தடுக்கின்றன. நியூசிலாந்தின் தாரனாக்கிப் பகுதியின் சதுப்பு நிலத்தில் 1970-களில் தோண்டியெடுக்கப்பட்ட, மோட்டுநூய்ப் பலகைகள் எனப்படும் மாவோரி மரச்செதுக்குகள் ஐந்தும் திருட்டுத்தனமாக வெளியேறி, லண்டன் ஏலத்துக்கு வரவிருந்தன. 1983-இல் இங்கிலாந்தின் அன்றைய மிக உயர்ந்த நீதிமன்றத்தில் நியூசிலாந்து தோற்றது. மூன்று பத்தாண்டு கழித்து, 2014-இல்தான் அவை விலை கொடுத்து மீட்கப்பட்டுத் தாயகம் திரும்பின. இந்தியாவுக்குள் கொண்டுவருவோர் உருவத்தில் இணைந்துள்ள இறகு, ஆமை ஓடு, திமிங்கிலப் பல் ஆகியவற்றையும் கருத வேண்டும். சொர்க்கப் பறவையின் இறகு உட்படப் பலவற்றுக்குப் பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தப்படி அனுமதி தேவை. மனித மண்டையோடு சேர்த்துச் செய்த உருவங்களை வாங்காமலிருப்பதே முறை. சில உருவங்கள் சடங்கு பெறாதோர் பார்க்கக் கூடாதவை. அவற்றின் படத்தைப் பலரும் காண வைப்பதற்கு முன் அந்தச் சமூகத்தின் நிலைப்பாட்டை அறிய வேண்டும்.

வீட்டில் காத்தல்

சென்னை போன்ற கடலோர நகரில் முதல் பகை ஈரப்பதத்தின் ஏற்ற இறக்கம். பகலில் குளிர்சாதனத்தை ஓட்டி இரவில் நிறுத்தும் அறையைவிட, காற்றோட்டம் உள்ள, வெயில் படாத சாதாரண அறை நல்லது. உருவத்தைத் தரையிலும் வெளிச்சுவரிலும் படாமல், கறையான் ஏறினால் கண்ணில் படும்படி தனிப் பீடத்தில் வைக்க வேண்டும். எண்ணெய், மெழுகு, வார்னிஷ் எதுவும் பூசலாகாது. சுண்ணாம்பு வண்ணமும் காவியும் நீரில் கரையுமாதலால் ஈரத்துணியும் ஆகாது. மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். கீழே மாவு போன்ற புதிய தூள் விழுந்தால் பூச்சி உயிரோடிருக்கிறது என்று பொருள். அப்போது உருவத்தைப் பாலித்தீனில் காற்றுப்புகாமல் கட்டித் தனிமைப்படுத்தி, உறைகுளிர் முறையோ உயிர்வளி நீக்கும் முறையோ அறிந்த பாதுகாப்பாளரை நாட வேண்டும். பழைய அருங்காட்சியகத் தொகுப்பிலிருந்து வந்தவற்றில் ஆர்சனிக், பாதரச உப்பு, டி.டி.டி. ஆகியவை பூசப்பட்டிருக்கக் கூடும். கையுறையின்றித் தொடுவதும், குழந்தைகள் எட்டும் இடத்தில் வைப்பதும், சாமி அறையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவதும் கூடா.

கையிருப்புக் குறைவாக உள்ளவர் பழமையைத் துரத்த வேண்டியதில்லை. செப்பிக் கரையில் இன்றும் நல்ல சிற்பிகள் செதுக்குகிறார்கள். புதியது என்று ஒளிவின்றிச் சொல்லி, செய்தவர் பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்து விற்கப்படும் உருவம், வரலாறற்ற ‘பழம்பொருள்’ பத்தைவிட மேலானது. அதையும் ரசீதோடும் போர்ட் மோர்ஸ்பி தேசிய அருங்காட்சியகத்தின் ஏற்றுமதி அனுமதியோடும் வாங்க வேண்டும். அனுமதி தேவையில்லை என்று விற்பவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கேட்க வேண்டும்.